கொயுகிக்காக ஒரு வெளிநடப்பு

குசகாபே மசாநோரி ஒரு பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல அந்தப் பாட்டு வெளியாகும்வரை காத்திருப்பவர் இல்லை.

சிங்கிள் எனப்படும் ஒற்றைப் பாட்டு சிடி வெளியாவது என்னவோ புதன்கிழமைதான். ஆனால் கடைக்காரர்கள் செவ்வாய் மதியமே பெட்டியைப் பிரித்து அடுக்கிவிடுவார்கள், கம்பெனியும் கண்டுகொள்ளாது. செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் 'கடைசி வரிசைக் குறிப்புகள்' என்ற அவருடைய வலைப்பக்கத்தில் கட்டுரை ஏறியிருக்கும். மற்றவர்கள் சிடியின் பிளாஸ்டிக் உறையை நகத்தால் கீறிக்கொண்டிருக்கும்போது குசகாபே அதன் வரலாற்று இடத்தை நிர்ணயம் செய்து முடித்திருப்பார்.

அவருக்கு வேலை, குளியலறைக் குழாய்கள் செய்யும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில். பகலெல்லாம் தொலைபேசியில், ஊர் பேர் தெரியாதவர்களின் ஒழுகும் குழாய்களுக்காகத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பார். எதிரே ஆள் இல்லாவிட்டாலும் குனிவார். குனிந்த தலை சாயங்காலம் நிமிரும், நிமிர்ந்ததும் எழுதும்.

எழுதுவதெல்லாம் 'சுகிமி பரேட்' என்ற பெண்கள் பாட்டுக் குழுவைப் பற்றித்தான். அதிலிருக்கும் பதினெட்டுப் பெண்களில் அவர் மனம் வைத்தது மினோவா கொயுகியின்மேல். ஆறு வருஷமாக மூன்றாவதான கடைசி வரிசை, வலது கோடி. தொலைக்காட்சியில் கேமரா அந்தக் கோடிக்கு வந்துசேர்வதற்குள் பற்பசை விளம்பரம் வந்துவிடும். இதுவரை ஒரு பாட்டிலும் அவள் தனியாக ஒரு வரி பாடியதில்லை. அந்த அநியாயத்தைத்தான் குசகாபே ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். அவள் முன்வரிசைக்குப் போய்விட்டால் அவர் எதைப் பற்றி எழுதுவார் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

இத்தனைக்கும் கூலி என்ன என்றால், ரசிகர்கள் வரிசையில் வந்து குழுப் பெண்களோடு கைகுலுக்கும் விழாவில் அவர் அவள் எதிரே போய் நின்றதும், வாயைத் திறப்பதற்குள், "ஆ, வாத்தியார்!" என்பாள் கொயுகி. கட்டுரைகளால் அவருக்கு வந்த பட்டம் அது. வரிசையில் நிற்கும் ஆயிரம் பேரில் அவள் முகம் பார்த்து அடையாளம் சொல்வது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான். அந்த ஒரு விளிக்காகத்தான் அவர் வாழ்கிறார் என்று யாராவது சொன்னால் குசகாபேக்குக் கோபம் வரும். இசைக்காக என்பார்.

இந்தத் தடவை வந்த சிங்கிளின் பெயர் 'குடையை எறி'. இதுவரை பூ, கடற்கரை, கோடை விடுமுறை என்று பாடிக்கொண்டிருந்த குழு முதல்முறையாகக் கிடாரையும் டிரம்ஸையும் முன்னால் தள்ளி, ராக் பக்கம் சாய்ந்திருந்தது. வானொலியில் முதல் கோரஸ் வரை, அதாவது பல்லவி ஒரு சுற்று முடியும்வரை, போட்டார்கள். அதன்மேல் அறிவிப்பாளர் பேசினார். தொலைக்காட்சியிலும் முதல் கோரஸோடு கைதட்டல். இணையத்தில் விட்ட வீடியோவும் அதே இடத்தில் மங்கி அணைந்தது. முழுப் பாட்டு வேண்டுமென்றால் சிடியைத்தான் கேட்க வேண்டும்.

சிடி குசகாபேயிடம் இல்லாமல் இல்லை. ஒரு அட்டைப் பெட்டி நிறைய இருந்தது. ஒவ்வொரு சிடிக்குள்ளும் ஒரு கைகுலுக்கல் சீட்டு வைத்திருப்பார்கள். சீட்டை உருவிக்கொண்டு, சிடியை அப்படியே பெட்டியில் திருப்பிப் போட்டு, பெட்டியைச் சுவரோரம் அடுக்குவது அவருடைய வழக்கம். அவருடையது மட்டுமல்ல, எல்லோருடையதும். அவர் வீட்டில் சிடி பிளேயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது சிடிப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் வருஷக்கணக்காகிவிட்டது.

"கட்டுரைய ரயில்லயே படிச்சிட்டேன் வாத்தியாரே," என்றான் தோபிடா. "கண்ணு கலங்கிருச்சு. பக்கத்துல நின்ன பொம்பளை நகர்ந்துபோயிட்டா."

கவகுச்சி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் குடும்ப உணவகத்தில், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற பானவகை மட்டும் வாங்கிக்கொண்டு, மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தோபிடா முப்பது வயதுக்காரன், குசகாபே எழுதுவதையெல்லாம் மனப்பாடம் செய்பவன். எதிரே ஓனுகி-சான், பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் உட்காரும் நாற்பது தாண்டிய பெண்மணி. அவள் ஆதரிப்பது குழுவின் நட்டநடுவில் நிற்கும் பெண்ணை. ஆகவே அவளுக்கு அநியாயம் என்று ஒன்று நடந்ததே இல்லை. மூவரும் பேசிக்கொண்டே சிடி உறையைக் கிழிப்பதும் சீட்டை உருவுவதுமாக, பட்டாணி உரிப்பதுபோல் வேலை நடந்துகொண்டிருந்தது.

"அந்த இடம்தான் வாத்தியாரே," என்று தோபிடா கைபேசியை எடுத்து வாசித்தான். "'கிடாரை வாடகைக்கு எடுக்கலாம், கோபத்தை வாடகைக்கு எடுக்க முடியுமா? இந்தக் குழுவில் கோபப்பட உரிமையுள்ள ஒரே குரல் கடைசி வரிசையில் இருக்கிறது. அந்தக் குரலுக்கு ஒரு சொல்கூடக் கொடுக்காமல் ராக் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.' அடேங்கப்பா!"

குசகாபே மெலன் சோடாவை உறிஞ்சினார். புகழைக் கேட்கும்போது எதையாவது உறிஞ்சிக்கொண்டிருப்பது நல்லது.

"பாட்ட முழுசா கேட்டீங்களா?" என்றாள் ஓனுகி-சான்.

"இந்தக் குழுவோட பாட்டுக்கு ஒரு இலக்கணம் இருக்கு, ஓனுகி-சான். முதல் கோரஸ் வரைக்கும் யாரு பாடறாங்களோ அவங்கதான் கடைசி வரைக்கும். ஆறு வருஷமா பாத்துட்டிருக்கேன்."

"அதில்ல. கேட்டீங்களா இல்லையா?"

"கேக்கறதுக்கு அதுல என்ன இருக்கு?"

"நீங்க கேட்டீங்களா?" என்று தோபிடா அவளிடம் திருப்பினான்.

"எனக்கெதுக்கு? எங்க பொண்ணுதான் முதல் வரியே பாடறா," என்றாள் ஓனுகி-சான். இன்னொரு உறையைக் கிழித்தாள்.

"அந்தப் பிள்ளை எழுதினத பாத்தீங்கல்ல?" குசகாபே குரலைத் தாழ்த்தினார். அன்று காலை கொயுகி ரசிகர்களுக்கு ஒரு செய்தி போட்டிருந்தாள்: 'இந்தப் பாட்ட எல்லாரும் கடைசி வரைக்கும் கேளுங்க, ப்ளீஸ்!' பக்கத்தில் உருகும் பனிப்பொம்மைப் படம் ஒன்று.

"பாத்தேன். கடைசி வரைக்கும் கேக்கச் சொல்றா," என்றாள் ஓனுகி-சான்.

"அது மேலோட்டமான வாசிப்பு. 'கடைசி'ங்கற சொல்ல ஏன் போட்டா? பனிப்பொம்மை ஏன் உருகுது? கம்பெனி கழுத்தப் புடிச்சிட்டிருக்கும்போது ஒரு பொண்ணு இதுக்கு மேல வெளிப்படையா எப்படிச் சொல்லுவா? விலகப்போறா. காப்பாத்துங்கன்னு நம்மகிட்ட கதறறா."

தோபிடாவுக்கு உடம்பு சிலிர்த்தது. "செய்வோம் வாத்தியாரே. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

குசகாபே அதையும் யோசித்து வைத்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சிபா கண்காட்சி அரங்கில் கைகுலுக்கும் விழா. அதற்குமுன் மேடையில் அந்தப் புதுப்பாட்டைப் பாடிக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் கொயுகியின் ஆட்கள் ஒருவரும் உள்ளே இருக்கக்கூடாது. ரசிகர்கள் கையில் பிடித்து ஆட்டும், அவளுடைய நிறமான இளந்தளிர்ப் பச்சை விளக்கு ஒன்றுகூட அரங்கில் எரியக்கூடாது. இருட்டே பேசட்டும்.

"அதாவது வெளிநடப்பு," என்றார்.

"உள்ளயே போகாம எப்படி வெளிநடப்பு?" என்று கேட்டாள் ஓனுகி-சான். தோபிடா அடுத்த உறையைக் கிழித்தான்.

அடுத்த நான்கு நாளும் கட்டுரை தீயாய்ப் பரவியது. ஆமோதித்தவர்கள் ஏராளம், எல்லோருமே முதல் கோரஸ் வரை நன்றாகக் கேட்டவர்கள். 'வேகவைத்த முட்டை' என்ற பெயரில் ஒரே ஒரு ஆள் மட்டும், 'இரண்டாவது கோரஸுக்கு அப்புறம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்' என்று கீழே எழுதியிருந்தார். குசகாபே பொறுமையாகப் பதில் எழுதினார்: காதில் விழுவது வேறு, கேட்பது வேறு, முன்னதற்குக் காது போதும், பின்னதற்கு வருஷங்கள் வேண்டும். எழுதிவிட்டு, முட்டை இனிமேல் தன் பக்கத்துக்கு வரமுடியாதபடி செய்தார்.

ஞாயிறு காலை மேகமூட்டம். அரங்கத்துக்கு வெளியே, யாக்கிசோபா என்ற வறுத்த நூடுல்ஸ் விற்கும் வண்டிக்குப் பக்கத்தில், இளந்தளிர்ப் பச்சைச் சட்டை போட்ட ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். கையில் அணைத்த விளக்கு. முகத்தில் தியாகம்.

எதிர்ப்பு என்றால் கூட்டமாக, கோபமாக நிற்க வேண்டும் என்றுதான் குசகாபே நினைத்திருந்தார். ஆனால் காவலாளி வந்து, வழியை மறைக்காமல் நிற்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். குசகாபே அதைவிடப் பணிவாக மன்னிப்புக் கேட்டார். உடனே ஐம்பது பேரும் சுவரோரம் இரண்டிரண்டாக வரிசைகட்டினார்கள். கடைசியில் நின்றவன் பழக்கதோஷத்தில், 'வரிசையின் முடிவு இங்கே' என்று ஒரு அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்தான். சற்று நேரத்தில் ஒரு தம்பதி வந்து அவனுக்குப் பின்னால் நின்றார்கள்.

"இங்க என்ன விக்கறாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணும் விக்கல. எதிர்ப்பு தெரிவிக்கிறோம்."

"அப்படியா." அவள் கணவனைப் பார்த்தாள். "வரிசை சீக்கிரம் நகருமா?"

உள்ளே பாட்டு ஆரம்பித்தது. சுவரைத் தாண்டி வந்தது டிரம்ஸின் அதிர்வு மட்டும்தான். யாக்கிசோபா வண்டியின் இரும்புத் தட்டு அதற்கேற்ப நடுங்கியது. குசகாபே கை கட்டி, அரங்கத்துக்கு முதுகு காட்டி நின்றார். ஐம்பது முதுகுகள் அவருடைய முதுகைப் பின்பற்றின. முதல் கோரஸ் முடிந்தது. இரண்டாவது கோரஸ் வந்தது. அப்புறம் திடீரென்று அதிர்வு முழுக்க நின்றுபோனது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு பெரிய ஆரவாரம் சுவரை இடித்துக்கொண்டு வந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் கத்தியதுபோல.

"என்ன வாத்தியாரே அது?" என்றான் தோபிடா.

"ஒலிபெருக்கி கோளாறு," என்றார் குசகாபே. "ஜனங்க ஆத்திரப்படறாங்க. நம்ம இருட்டு வேலை செய்யுது."

மேடை நிகழ்ச்சி முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது ஓனுகி-சான் நேராக அவரிடம் வந்தாள். கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது.

"வாத்தியாரே, நீங்க உள்ள வந்திருக்கணும்."

"என் நிலைப்பாடு உங்களுக்குத் தெரியும்."

"நிலைப்பாட்டத் தூக்கிக் குப்பையில போடுங்க. அந்தப் பொண்ணு, உங்க கொயுகி..."

"ஓனுகி-சான்." குசகாபே உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். "நடுவுல நிக்கறவங்களோட ஆளு நீங்க. நீங்க என்ன சொன்னாலும் அது நடுவுலேர்ந்து சொல்றதாத்தான் இருக்கும். கடைசி வரிசையோட வலி உங்களுக்குப் புரியாது. மன்னிச்சிடுங்க, கைகுலுக்க நேரமாச்சு."

ஓனுகி-சான் வாயை மூடிக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் இருந்தவளுக்கு, வலி வந்தால்தான் சிலர் வாயைத் திறப்பார்கள் என்று தெரியும்.

கைகுலுக்கும் இடத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு தடுப்பு. ஒரு சீட்டைக் கொடுத்தால் ஒரு வாக்கியம் பேச நேரம் கிடைக்கும். நேரம் முடிந்ததும், பக்கத்தில் நிற்கும் ஆள் தோளில் கை வைத்து மெல்ல நகர்த்திவிடுவார். ரசிகர்கள் அவரை உரிப்பவர் என்பார்கள். சுவரிலிருந்து சுவரொட்டியை உரிப்பதுபோல ஆளை உரிப்பதால். சென்ற வருஷம் குசகாபே இந்த உரிப்பவர்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதியிருந்தார். 'மனித உறவின் தோளில் விழும் கை' என்று தலைப்பு.

இன்றைக்கு அவர் ஒரு வாக்கியத்தோடு திரும்புவதாக இல்லை. கொண்டுவந்த சீட்டு அத்தனையையும் ஒரே கட்டாகக் கொடுத்தார். அப்படிக் கொடுத்தால் நேரத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். உடைந்துபோயிருக்கும் பெண்ணைத் தேற்ற அவகாசம் வேண்டுமல்லவா?

சீட்டுக் கட்டை வாங்கிய உரிப்பவர் ஒரு வாலிபர். சீட்டிலிருந்த பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சார், நீங்களா? எங்களப் பத்தி எழுதினீங்களே. படிச்சிட்டு ரெண்டு நாள் வருத்தமா இருந்துச்சு. ஆனா நீங்க சொன்னது சரிதான்." நிறுத்துகடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். "இன்னிக்கு உங்க நேரத்துல ஒரு நொடி குறையாது. நான் பொறுப்பு."

குசகாபே பெருந்தன்மையாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

"ஆ, வாத்தியார்!"

கொயுகி இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தாள். கன்னம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. உடைந்துபோன பெண்ணின் முகமாக அது இல்லை. ஆனால் இவ்வளவு கஷ்டத்திலும் சிரிக்கிறாளே என்று குசகாபேக்கு மனம் இளகியது.

"எங்க நின்னீங்க? உங்க பச்சையத்தான் தேடினேன். ஒண்ணுகூடக் கண்ணுல படல."

"கொயுகி-சான், நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க. நாங்க இருக்கோம். இந்த அநியாயத்த..."

"எப்படி இருந்துச்சு?" அவளால் பொறுக்க முடியவில்லை, நின்ற இடத்திலேயே குதித்தாள். "சொல்லுங்க, சொல்லுங்க. நான் தனியா பாடின வரி எப்படி இருந்துச்சு?"

புகார்ப் பிரிவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் குசகாபே. எவ்வளவு பெரிய குழாய் வெடித்தாலும் குரல் மாறாமல் பேசப் பழகியவர். ஆனால் இப்போது வெடித்தது எங்கே என்றே அவருக்குத் தெரியவில்லை.

"தனியா... பாடின..."

"ரெண்டாவது கோரஸுக்கு அப்புறம்," என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். "கிடார் எல்லாம் நிக்குமே. அப்ப."

"ஆமா, ஆமா. அந்த... அமைதி."

"அமைதி! அதேதான்!"

"அந்த அமைதியில உங்க குரல் ரொம்ப... கட்டுப்பாடா..."

"கட்டுப்பாடா?" கொயுகி புருவத்தைத் தூக்கினாள். "நான் கத்தினேனே."

"கட்டுப்பாடான கத்தல்," என்றார் குசகாபே.

சொல்லி முடித்ததும் அவருக்கே அது கேட்டது. தோளைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தார், கை விழவில்லை. ஓரக்கண்ணால் உரிப்பவரைப் பார்த்தார். வாலிபர் கடிகாரத்தைக் காட்டி, நிறைய இருக்கிறது, நிம்மதியாகப் பேசுங்கள் என்பதுபோல் புன்னகைத்தார்.

"அதுல எந்தச் சொல் உங்களுக்குப் பிடிச்சுது?" என்றாள் கொயுகி. மெதுவாகத்தான் கேட்டாள்.

வாழ்நாளில் முதல்முறையாகக் குசகாபேயிடம் கருத்து எதுவும் இல்லை. பக்கத்துத் தடுப்பில் யாரோ சிரித்தார்கள். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கை அவர் கையை விடவில்லை. அது அவள் வேலை. கண்ணில் மட்டும் ஒரு விளக்கை யாரோ அணைத்தார்கள்.

"முதல் தடவையா வர்றீங்களா?" என்று கேட்டாள் கொயுகி.

"கொயுகி-சான்..."

"ரொம்ப நன்றிங்க. இந்த அரங்கம் பெரிசு, வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்திருக்கும். எந்த ஊரு?"

"...கவகுச்சி."

"அட, கவகுச்சியா! அவ்வளவு தூரத்துலேர்ந்தா! மழை வரும்னு சொன்னாங்க, குடை கொண்டுவந்தீங்களா?"

"இல்ல."

"நனைஞ்சிடாதீங்க. சாப்பிட்டீங்களா? வெளிய யாக்கிசோபா நல்லா இருக்குமாம். உங்க பேரு?"

"குசகாபே."

"குசகாபே-சான்." அவள் அதைப் புதுப்பெயர்போல வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "ஞாபகம் வச்சுக்கறேன். மறுபடியும் வாங்க."

மறுபடியும் வாங்க என்றால் போகலாம் என்று அர்த்தம். ஆனால் நேரம் முடியவில்லை. அவர் வாங்கிய நேரம், அவரே கட்டுக்கட்டாகச் சேர்த்த நேரம், இன்னும் மிச்சமிருந்தது. கொயுகி வானிலையைப் பற்றிப் பேசினாள். ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டாள். புது ஆட்களிடம் கேட்க வேண்டியதையெல்லாம், ஒன்றைக்கூட விடாமல், முகம் கோணாமல் கேட்டாள். அவரும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் தோளில் கை விழுந்தபோது குசகாபேக்கு அது தாயின் கைபோல் இருந்தது.

"நல்லாப் பேசினீங்களா சார்?" என்றார் உரிப்பவர்.

கார் நிறுத்துமிடத்தில் தோபிடாவுடைய அம்மாவின் பழைய சின்னக் கார் நின்றது. சிடி போடும் துவாரம் உள்ள வாகனம் இந்தக் கூட்டத்திலேயே அது ஒன்றுதான். ஏற்கெனவே உள்ளே இருந்தது தோபிடாவின் அம்மா கேட்கும் பழைய சோகப்பாட்டு சிடி. அதை வெளியே எடுத்துவிட்டு, ஓனுகி-சான் பையிலிருந்து 'குடையை எறி'யை எடுத்து, உறையைக் கிழித்துக் கொடுத்தாள். மூவரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

முதல் கோரஸ் போனது. அது முடிந்த இடத்தில் பாட்டும் முடியப்போகிறது என்று முன்சீட்டிலிருந்த இருவரின் உடம்பும் பழக்கத்தில் தளர்ந்தது. பாட்டு முடியவில்லை. இரண்டாவது கோரஸும் போனது. கிடார் நின்றது, டிரம்ஸ் நின்றது. காரில் தோபிடாவின் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் துணையில்லாமல் ஒரு குரல்:

*யாரும் கூப்பிடல.*
*ஆனாலும் வந்துட்டேன்.*

கடைசிச் சொல்லில் குரல் கீறி உடைந்தது. உடைந்த இடத்தில் கிடார்கள் எல்லாம் சேர்ந்து விழுந்தன.

தோபிடா ஸ்டியரிங்மேல் தலை வைத்து அழுதான். "நாம வெளிய நின்னுட்டிருந்தோமே வாத்தியாரே. யாக்கிசோபா வண்டிக்கிட்ட."

"இன்னொரு தடவ போடு," என்றார் குசகாபே.

போட்டான். மறுபடியும் போடச் சொன்னார். மழை வந்து கண்ணாடியில் தட்டியது. நான்காம் முறை பாட்டு முடிந்தபோது ஓனுகி-சான் பின்சீட்டிலிருந்து கேட்டாள்:

"கருத்து?"

"ஒண்ணுமில்ல."

"தோபிடா, தேதியக் குறிச்சு வையி," என்றாள் ஓனுகி-சான். ஆனால் கைக்குட்டையை முன்சீட்டுக்கு நீட்டினாள்.

அன்றிரவே குசகாபே எழுதினார். கம்பெனியில் பழகிய கை என்பதால் மன்னிப்பு நன்றாகவே வந்தது: 'குடையை எறி பாட்டை முழுதாகக் கேட்காமல் கருத்து எழுதினேன். கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மினோவா கொயுகி தனியாகப் பாடிய நேரத்தில் நான் அரங்கத்துக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். என் பேச்சைக் கேட்டு நின்றவர்களிடமும் அவரிடமும் தலைவணங்கி மன்னிப்புக் கேட்கிறேன்.' அவ்வளவுதான். உவமை இல்லை, வரலாறு இல்லை.

காலையில் எழுந்து பார்த்தால் வலைப்பக்கம் அல்லோலகல்லோலப்பட்டது.

'கேட்காமல் எழுதுகிறவர்களை இதைவிடக் கூர்மையாக யாராலும் கிண்டல் செய்ய முடியாது. எழுந்து நின்று கைதட்டினேன்' என்றது ஒரு குரல். 'முதுகைக் காட்டிக்கொண்டு! இதுதான் இந்த ஆண்டின் படிமம்' என்றது இன்னொன்று. பாட்டை விளங்கிக்கொள்ள அதைக் கேட்காமல் நிற்பதும் ஒரு வழி என்று வாத்தியார் உணர்த்துகிறார் என ஒருவர் எழுத, அப்படியல்ல, தன்னையே பலிகொடுத்து ரசிகர்களின் ஆணவத்தைக் காட்டுகிறார் என்று வேறொருவர் எழுத, இருவருக்கும் சண்டை மூண்டு மதியம்வரை நீடித்தது. தான் உண்மையிலேயே கேட்கவில்லை என்று குசகாபே நடுவில் புகுந்து எழுதினார். அந்த வரிக்குத்தான் அதிகமான இதயங்கள் விழுந்தன. சாயங்காலம் ஒரு இசை இதழ், 'கேளாமை' என்ற தலைப்பில் மாதாமாதம் பத்தி எழுதித் தரமுடியுமா என்று கேட்டது. அவர், தாங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள், நான் நிஜமாகவே தவறு செய்தவன் என்று பதில் போட்டார். இந்தத் தொனிதான் எங்களுக்கு வேண்டும் என்று உடனே பதில் வந்தது.

உலகத்தில் ஒருத்திக்காவது அது எழுதியிருக்கிறபடியே புரியும் என்று குசகாபே நம்பினார். ஆனால் அவள் படித்தாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அவர் செய்தது இரண்டு காரியம். முட்டையின்மேல் போட்ட தடையை நீக்கினார். பிறகு சுவரோரப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, பின்னாலிருந்த சிடி பிளேயரைத் தோண்டி எடுத்துத் தூசி தட்டினார்.

அடுத்த கைகுலுக்கும் விழா நகோயாவில். குசகாபே கொண்டுபோனது ஒற்றைச் சீட்டு. ஒற்றைச் சீட்டுக்கு ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைப் புல்லட் ரயிலில் செதுக்கிக்கொண்டே போனார். கருத்து இல்லை. 'வந்துட்டேன் என்ற சொல்லில் குரல் உடையும் இடம் எனக்குப் பிடித்திருக்கிறது.' அதுதான். போன தடவை அவள் கேட்ட கேள்விக்குப் பதில்.

வரிசை நகர்ந்தது. முன்னால் நின்ற பையனை உரித்தார்கள். குசகாபே தடுப்புக்குள் அடியெடுத்து வைத்தார். கொயுகி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தாள். "ஆ" என்று வாயைத் திறக்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, யோசிப்பதுபோல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டாவது தடவையா வர்றீங்க?"

குசகாபே தலையசைத்தார். "ஆமா. ரெண்டாவது."

அதிலேயே அவருடைய நேரம் போய்விட்டது. "வந்துட்டேங்கற..." என்று ஆரம்பித்தபோது தோளில் கை விழுந்தது. இந்த ஊர் உரிப்பவர் எதையும் படிப்பவர் இல்லை போலிருக்கிறது, ஒரே இழுப்பு.

வெளியே ஓனுகி-சான் காத்திருந்தாள். "என்ன சொன்னா?"

குசகாபே தன் வலது கையைப் பார்த்தார்.

"எத்தனாவது தடவைன்னு எண்ண ஆரம்பிச்சிருக்கா," என்றார்.